சுத்தம் செய்த லாந்தர் மீன்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறப்பாயா என்றும் தெரியாது. எனக்கு இப்போதுதான் பதினேழு வயது. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடி வீட்டில், அண்ணாவோடு பங்குபோட்ட மேசையின் என் பாதியில் இருந்து இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுகிற பெற்றோர் எல்லாரும் தலை நரைத்த பிறகுதான் எழுதுகிறார்கள். அதற்குள் அவர்களுக்குக் கோபம் ஆறிவிடுகிறது. கோபம் ஆறியவர்களின் அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு நாள் நீ என்னை விட உயரமாக வளர்ந்து, என் முன்னால் நின்று, எனக்கு விளங்காத ஏதோ ஒன்றைப் படிக்கப் போவதாகச் சொல்வாய். அன்று நான் என்ன சொல்வேனோ என்று எனக்கு இன்றைக்கே பயமாக இருக்கிறது. ஆகவே எரிச்சல் சூடாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

மகளுக்கு எழுதாமல் மகனுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். மகள் என்றால் இதில் பாதி சொல்லாமலே விளங்கிவிடும். எங்கள் மேசையில் அண்ணாவின் பாதியை யாரும் துடைப்பதில்லை. அவன் கழற்றிப் போட்ட பழைய ரேடியோவின் திருகாணிகள் வருடக்கணக்காக அப்படியே கிடக்கின்றன. என் பாதி தினமும் துடைக்கப்படும். நான் கடற்கரையில் பொறுக்கிய நண்டு ஓடு, உலர்த்திய கடற்பாசி எல்லாம் துடைத்தலோடு போய்விடும். இதை அம்மா அன்போடுதான் செய்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் முழுவதும் அன்போடு செய்யப்பட்ட காரியங்களைப் பற்றியதுதான். (அம்மா, அப்பா, அண்ணா என்றே எழுதுகிறேன். உனக்கு அவர்கள் என்ன முறை என்று நீயே பார்த்துக்கொள்.)

அப்பா புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் கடையொன்றில் மனேஜர். சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் உயர்தரத்துக்கு என்ன பிரிவு என்று வீட்டில் ஒரு கதை நடந்தது. கதைத்தவர்கள் அப்பாவும் அண்ணாவும். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். தட்டோடு திரும்பி வந்தபோது நான் வர்த்தகப் பிரிவு மாணவி ஆகியிருந்தேன். எனக்கு உயிரியல் வேண்டும் என்று சொன்னேன். டொக்டருக்குப் படிக்கவா என்று அப்பா நிமிர்ந்து பார்த்தார். இல்லை, கடல் உயிரினங்கள், முக்கியமாக மீன் என்றேன். அப்பா சிரித்தார். "மீனைப் பாக்கிறதுக்கு ரெண்டு வருசம் படிக்கோணுமே பிள்ளை? மார்க்கட்டுக்குப் போனாக் காணாதே?" அண்ணாவும் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவுமில்லை. நான் கணக்கியல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அந்த வகுப்பு யன்னலால் பார்த்தால் எதிரே உயிரியல் ஆய்வுகூடம் தெரியும். முதலாம் தவணை முடிவதற்குள் பிரிவு மாற விரும்புகிறவர்கள் பெற்றாரை அழைத்துக்கொண்டு அதிபரிடம் வரவேண்டும் என்பது எங்கள் பாடசாலை விதி. தவணை நாளையோடு முடிகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

மார்க்கட்டுக்குப் போனாலே போதும் என்று அப்பா சொன்னார் அல்லவா? போனேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மீன் வாங்கப் போனபோது மீன்காரர் ஒரு பெரிய சூரையைப் பலகையில் போட்டு வயிற்றைக் கிழித்தார். இரைப்பை கத்தி பட்டுத் திறந்துகொண்டது. உள்ளே கூழாகிப்போன ஏதேதோ. அவற்றின் நடுவே கூழாகாமல் ஒரு சின்ன மீன். என் சுட்டுவிரலை விடக் கொஞ்சம் நீளம். சூரை அதை விழுங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தூண்டிலில் பட்டிருக்கவேண்டும். முகத்தில் பாதி கண்ணாக இருந்தது. மூக்கு மொட்டையாக, வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் வரை பிளந்திருந்தது. ஒரு பக்கத்தில் செதில் உரிந்து போயிருந்தது. மறுபக்கம் முழுதாக இருந்தது. அந்தப் பக்கத்தில், வயிற்றின் ஓரமாக, பள்ளிச் சட்டைக்குத் தைக்கிற முத்துப் பொத்தான் போல வட்ட வட்டப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. நூலகத்துப் புத்தகத்தில் பார்த்த படம் அது. லாந்தர் மீன். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு விளக்கு.

"அந்தச் சின்னனை எனக்குத் தாங்கோ" என்றேன். மீன்காரர் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "நங்கி, தங்கச்சி, இது குடல்ல இருந்து வந்தது. கறிக்குச் சரிவராது." "கறிக்கு இல்லை." "அப்ப பூனைக்கா?" பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மா என் கையைக் கிள்ளி, "சனம் பாக்குது, வா" என்றார். நான் வரவில்லை. அவர் அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, மேலே ஐஸையும் அள்ளிப் போட்டுத் தந்தார். காலி வீதியைக் கடந்து வீட்டுக்கு வரும்வரை அம்மா ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "உன்னோட வெளிக்கிட்டா நான் ஒரு இடத்துக்கும் போக ஏலாது."

அந்த மீனைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும், ஏனென்றால் அப்போதைக்கு நான் பேசிய எல்லாரும் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். நீ எழுந்து போக முடியாது. எங்கள் ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை, அதற்கப்பால் பாறை, அதற்கப்பால் கடல். படகில் சில மணி நேரம் போனால் கடலின் அடி சட்டென்று இறங்கிவிடுகிறது. அங்கே பகலில், பல நூறு மீற்றர் ஆழத்தில், வெளிச்சம் செத்துக்கொண்டிருக்கும் இடத்தில் லாந்தர் மீன் நிற்கிறது. பொழுது சாய்ந்ததும் கூட்டம் கூட்டமாக மேலே ஏறுகிறது. மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணிய இறால் போன்றவற்றைத் தின்கிறது. விடியமுன் திரும்ப இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் இதே வேலை. அவை அவ்வளவு நெருக்கமாக நிற்பதால், கப்பல்களிலிருந்து ஒலியை அனுப்பி ஆழம் அளந்தவர்களுக்கு அவற்றின் காற்றுப்பைகளில் பட்டு ஒலி திரும்பி வந்ததாம். இதுதான் கடலின் அடி என்று நினைத்தார்களாம். அப்புறம் அந்த அடி மாலையானதும் மேலே ஏறியதைப் பார்த்துத் திகைத்தார்களாம். இதை வாசித்த நாளில் அண்ணாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அதுக்கு நான் என்ன செய்ய?" என்றான். ஒன்றும் செய்ய வேண்டாம். ஆச்சரியப்பட்டால் போதும். ஆச்சரியப்படக்கூடவா ஒரு பிரயோசனம் வேண்டும்?

அதன் விளக்குகள் எதற்கு என்று நினைக்கிறாய்? இருட்டில் வழி பார்க்க என்று நானும் நினைத்தேன். இல்லை. பெரும்பாலான விளக்குகள் வயிற்றுப் பக்கம், கீழ்நோக்கி இருக்கின்றன. ஆழத்தில் நிற்கிற பெரிய மீன் அண்ணாந்து பார்க்கும்போது, மேலிருந்து வரும் மங்கல் வெளிச்சத்தில் இந்தச் சின்ன மீன் கறுப்பு நிழலாகத் தெரியும். அந்த நிழலை அழிக்க, மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அதே அளவு வெளிச்சத்தை இது தன் வயிற்றால் விடுகிறது. கூடினாலும் பிடிபடும், குறைந்தாலும் பிடிபடும். சரியான அளவாக இருந்தால் மீன் இருக்கும் இடத்தில் மீன் தெரியாது. அதாவது, மகனே, அது விளக்கேற்றுவது மறைந்துபோவதற்கு. கணக்கியலில் எனக்கு நல்ல புள்ளி வருகிறது. குறைந்தால் ஏன் என்று கேட்பார்கள். நல்ல புள்ளி வாங்கினால் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

உயிரியல் மிஸ்ஸிடம் அம்மாவின் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். ஐஸின் பளபளப்பில் புள்ளிகள் எல்லாம் ஒன்றாகக் கரைந்து ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. ஆனாலும் மிஸ் தன் தடித்த புத்தகத்தைப் புரட்டி, உடல் வாகைப் பார்த்தால் மிக்டோபம் என்ற பேரினமாக இருக்கலாம், அதில் இரண்டு இனங்களில் ஒன்று என்றார். எது என்று அறிய விளக்குகள் எங்கெங்கே எந்த வரிசையில் இருக்கின்றன என்று நுணுக்குக்காட்டியின் கீழ் பார்க்கவேண்டும். செதிலையும் தடவிப் பார்க்கவேண்டும்: ஒன்றுக்குச் சொரசொரப்பு, மற்றதற்கு வழுவழுப்பு. பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி வரவிருந்தது. "நீ கொமர்ஸ் பிள்ளை எண்டாலும் பரவாயில்லை, உனக்கொரு மேசை தாறன்" என்றார். ஆய்வுகூடத்தில் மீனைக் கெடாமல் வைக்கும் ஃபோர்மலின் முடிந்திருந்தது. வரும்வரை வீட்டு ஐஸ்பெட்டியில் உறைய வைக்கச் சொன்னார். "வெளியில எடுத்து எடுத்துப் பாக்காதை. ஒருக்கா உருகினாச் செதில் கழன்று போகும். இஞ்ச கொண்டு வந்து ஒரேயடியாப் பாப்பம்." நான் எடுத்துப் பார்க்கவில்லை. எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் பேரம் பேசினேன். கண்காட்சியில் நடுவர்கள் என் மேசையை அடுத்த கட்டத்துக்குத் தெரிவுசெய்தால் பிரிவு மாற அதிபரிடம் வருவீர்களா என்று கேட்டேன். "வென்றிட்டு வா, பாப்பம்" என்றார். பாப்பம் என்ற சொல் அப்பாவுக்குக் கதவு மாதிரி. திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று தள்ளித்தான் பார்க்கவேண்டும்.

இனி நடந்ததைக் கவனமாகக் கேள். அம்மா ஒவ்வொரு வருடமும் கந்தசஷ்டி விரதம் பிடிப்பார். விரதம் தொடங்குவதற்கு முதல் நாள் வீடு கழுவி, குசினி கழுவி, ஐஸ்பெட்டியில் உள்ள மீன், இறைச்சி எல்லாவற்றையும் வெளியேற்றி மஞ்சள் தண்ணீரால் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் சாமிப் படங்களும் ஐஸ்பெட்டியும் ஒரே சுவரில் இருக்கின்றன. வேறு சுவர் இல்லை. மிஞ்சிய மீனை எறிய மனம் வராது. அதனால் எதிர்வீட்டுப் பஸீனா அன்ரியின் ஐஸ்பெட்டிக்கு அது விரதம் முடியும்வரை குடிபோகும். வருடாவருடம் நடக்கிற விசயம். நோன்பு மாதத்தில் அங்கிருந்து எங்களுக்குக் கஞ்சி வரும். சஷ்டிக்கு எங்களிடமிருந்து அங்கே மீன் போகும். நான் பாடசாலையில் இருந்தபோது அம்மா எல்லாப் பெட்டிகளையும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார், என் பழைய ஐஸ்கிரீம் டப்பாவையும் சேர்த்து. டப்பாவில் 'தொட வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். பனியில் அந்தக் காகிதம் கழன்று ஐஸ்பெட்டியின் அடியில் கிடந்தது. எனக்குத் தெரிந்ததும் ஓடிப்போய் அன்ரியிடம் சொல்லியிருக்கலாம். அம்மா, "அது பத்திரமா இருக்கு, விரதம் முடியட்டும். இப்ப அதைப் பற்றி வீட்டில கதைக்காதை, மீன் பேச்சு வேண்டாம்" என்றார். சரி, அங்கே உறைந்துதானே இருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன்.

சூரன்போர் முடிந்து, அடுத்த நாள் விரதம் முடிக்கும் பாறணைச் சாப்பாடும் முடிந்ததும், கை கழுவின ஈரம் காயமுன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். பஸீனா அன்ரி முகமெல்லாம் சிரிப்போடு வந்தார். "வா மகள், வா. எல்லாம் ரெடியா ஈக்கி." எங்கள் பெட்டிகளை ஒன்றொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். கடைசியாக என் டப்பாவை எடுத்து என் கையில் தந்தார். "இடையில ஒருநாள் கரண்ட் இல்லாமப் பெய்த்திச்சே, நினைவீக்கா? எல்லாம் உருகப் பாத்திச்சி. நான் ஒவ்வொண்டாத் தொறந்து பாத்தேன். மத்த மீனெல்லாம் உம்மா வெட்டிச் சுத்தம் பண்ணித்தான் வெச்சீக்கிறா. இது ஒண்டு மட்டும் அப்பிடியே குடலோட கெடந்திச்சி. பாவம், விரத அவசரத்தில மறந்திட்டா போல. அப்பிடியே வெச்சா நாறிப் போகும்தானே. நானே சுத்தம் பண்ணி வெச்சிட்டேன்."

டப்பாவைத் திறந்தேன். மகனே, அவ்வளவு சுத்தமான மீனை நான் பார்த்ததில்லை. தலை இல்லை. அந்தக் கண் இல்லை, அந்த வாய் இல்லை. வயிறு பிளந்து உள்ளே ஒன்றுமில்லை. செட்டைகள் நறுக்கப்பட்டிருந்தன. செதில் ஒன்றுகூட மிஞ்சாமல் இரண்டு பக்கமும் சீவப்பட்டு, விளக்குகள் இருந்த இடம் மழித்த கன்னம் போல வழுவழுவென்று இருந்தது. உப்பும் மஞ்சளும் பூசி, வாசமாக, சுட்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஒரு துண்டு. "தலை எங்க அன்ரி?" என்று கேட்டேன். "அந்தத் தலையில என்ன மகள் ஈக்கி, வெறும் கண்ணுதானே. பூனைக்குப் போட்டேன்." அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஏன் மகள்? நான் ஏதும் பிழை செஞ்சிட்டேனா?"

இதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? குழந்தையை உறங்க வைத்தது போலக் காகிதம் விரித்து மீனைக் கிடத்தியிருந்தார். கத்தி பிடித்த விரல்கள் கவனத்தோடு வேலை செய்ததை வெட்டைப் பார்த்தே சொல்லலாம். திட்டுவதற்கு எனக்கு ஒரு ஆளுமே இல்லை. "இல்லை அன்ரி, நல்லாச் சுத்தம் செய்திருக்கிறியள்" என்றேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, துவாயைக் கடித்துக்கொண்டு அழுதேன். அம்மா கதவைத் தட்டி, "தண்ணியை வீணாக்காதை" என்றார். வெளியே வந்து கத்தினேன். ஏன் என்னைக் கேட்காமல் எடுத்தீர்கள், ஏன் எப்போதும் என் பாதியை மட்டும் துடைக்கிறீர்கள், அண்ணாவின் திருகாணியை ஒருநாளாவது தொட்டிருக்கிறீர்களா என்று. அம்மா விளங்காமல் நின்றார். "இன்னொரு மீன் வாங்கித் தாறன், அழாதை" என்றார். இன்னொரு சூரை, இன்னொரு இரைப்பை, கூழாவதற்குள் பிடிபட்ட இன்னொரு லாந்தர் மீன். அம்மாவுக்கு மீன் என்றால் மீன்.

அண்ணா வந்து டப்பாவைப் பார்த்து ஒரு பாட்டம் சிரித்துவிட்டு, பிறகு பாவப்பட்டு ஒரு யோசனை சொன்னான். "ரெண்டில ஒண்டுதானே? ஒரு பேரை எழுது. ஆருக்கு விளங்கப் போகுது? மீன்ர தலையே இல்லை, வந்து சாட்சி சொல்லுமே?" உண்மையைச் சொன்னால் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அந்த இரவு இரண்டு பெயர்களையும் இரண்டு மட்டைகளில் எழுதிப் பார்த்தேன். இரண்டும் அழகாக இருந்தன. வென்றால் அப்பா அதிபரிடம் வருவார். ஆனால் பொய்ப் பெயர் வைத்து உள்ளே போனால் அந்த ஆய்வுகூடத்தில் போய் நான் என்ன படிப்பது? காலையில் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு டப்பாவோடு மிஸ்ஸிடம் போனேன். மிஸ் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வால் காம்பில கத்தி படேல்லை, பார்" என்றார். வாலுக்குச் சற்று முன்னால், கீழ்ப்புறத்தில், மங்கலாகச் சில தட்டுகள். இந்தப் பேரினத்தில் ஆணுக்கு அந்த ஒளித்தட்டுகள் வால் காம்பின் மேற்புறமும் பெண்ணுக்குக் கீழ்ப்புறமும் இருக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. அவ்வளவும் சீவி எறிந்த பிறகும் மிஞ்சியிருந்த ஒரே செய்தி அதுதான்.

கண்காட்சியில் என் மேசையில் அந்தத் துண்டை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தேன். முன்னால் ஒரு மட்டை: 'லாந்தர் மீன். பேரினம்: மிக்டோபமாக இருக்கலாம். இனம்: தெரியாது. பெண்.' பக்கத்தில் பெரிய படம். அதற்குப் பக்கத்தில் நான் செய்த பெட்டி. ஒரு காட்போட் பெட்டியின் உட்புறத்துக்குக் கறுப்பு அடித்து, மேலே மங்கலான மின்குமிழ் பூட்டி, நடுவில் ஒரு மட்டை மீனைத் தொங்கவிட்டிருந்தேன். கீழே குனிந்து துளையால் அண்ணாந்து பார்த்தால் மீன் கறுப்பு நிழலாகத் தெரியும். மின் ஆளியைப் போட்டால் மீனின் வயிற்றில் ஒட்டியிருந்த குட்டி விளக்குகள் எரியும், நிழல் காணாமல் போகும். அந்த விளக்குகள் அப்பாவின் கடையில் வெசாக் பண்டிகைக் காலத்தில் மிஞ்சிய சரத்திலிருந்து வெட்டியவை. எதற்கு என்று கேட்காமலே அவர் கொண்டுவந்து தந்தார். கேட்காமல் எடுப்பதும் கேட்காமல் கொடுப்பதும்தான் எங்கள் வீட்டு வழக்கம்.

நடுவர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் பெட்டியில் கண் வைத்துப் பார்த்து "நல்லா இருக்கு" என்றார். மற்றவர் கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்த்து, "இது என்ன, கறிக்கு வெட்டின மாதிரி?" என்றார். கறிக்கு வெட்டியதுதான் என்று நடந்ததைச் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள். "அப்ப இனம் தெரியாது?" "தெரியாது, சேர். செதிலும் விளக்கும் இருந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். எப்பிடித் தெரிஞ்சிருக்கும் எண்டு வேணுமெண்டாச் சொல்லுறன்." நேரமில்லை என்று அடுத்த மேசைக்குப் போனார்கள். அங்கே மூன்று பிள்ளைகள் எரிமலை ஒன்றைப் பொங்க வைத்தார்கள். எரிமலைதான் தெரிவானது. இலங்கையில் எரிமலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இப்போது உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அப்பா கடையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். முடிவு அறிவித்து முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்; பஸ் மருதானையில் நெரிசலில் மாட்டிக்கொண்டதாம். நான் ஒன்றும் சொல்லமுன்னமே என் முகத்தில் முடிவைப் படித்துவிட்டார். பெட்டியைக் காட்டி, "இதில என்ன?" என்று கேட்டார். குனிந்து பாருங்கோ என்றேன். அவருக்கு முழங்கால் வருத்தம், குனிந்தால் வலிக்கும். மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, ஒரு கண்ணை மூடித் துளைக்குள் அண்ணாந்து பார்த்தார். நான் ஆளியைப் போட்டேன். "எங்க போச்சு?" என்றார். நிறுத்தினேன். "ஆ." போட்டேன். "எங்க பிள்ளை போச்சு?" ஒரு இடமும் போகவில்லை, அங்கேதான் இருக்கிறது என்றேன். அவரே கையை நீட்டி ஆளியைப் போட்டுப் போட்டு நிறுத்தினார். எழும்ப நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. எழும்பியதும் மட்டையை வாசித்தார். மெதுவாக, கடைசிச் சொல் வரை வாசித்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருவருக்கும் இருக்கை கிடைத்தது. பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டியது. பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பேரே தெரியாத ஒரு மீனுக்கு ரெண்டு வருசமே?"

"அதுக்குத்தான் அப்பா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அழுதுவிடக்கூடாது என்று முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "பேர் தெரிஞ்சா அதைப் படிக்கிறதுக்கு ஆள் தேவையில்லை" என்று சொல்லி முடித்தேன். "பாப்பம்" என்றார். எனக்கு அந்தப் பஸ்ஸிலிருந்து குதிக்கவேண்டும் போல இருந்தது.

அது போன கிழமை. அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. இப்போது அம்மா எதை எறிவதென்றாலும் என்னிடம் தூக்கிக் காட்டுகிறார். "இது வேணுமே?" என்று வெங்காயத் தோலைக் காட்டுகிறார். "இது வேணுமே?" என்று பழைய தேயிலைச் சக்கையைக் காட்டுகிறார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறார். நண்டு ஓட்டுக்கும் வெங்காயத் தோலுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியாது. ஆனால் என் பாதி மேசை ஒரு கிழமையாகத் துடைக்கப்படாமல் தூசியோடு கிடக்கிறது. பஸீனா அன்ரிக்கு அம்மா விசயத்தைச் சொல்லிவிட்டார். அவர் அழுதுகொண்டு வந்து, இனிமேல் தன் வீட்டில் வெட்டும் எந்த மீனின் வயிற்றையும் என்னைக் கூப்பிடாமல் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டிலும் கூழ்தான்.

இன்று மாலை அப்பா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "உங்கட பிரின்சிபல் காலமை எத்தினை மணிக்கு வாறவா?"

ஏழு மணிக்கு வந்துவிடுவார் என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் முகம் கழுவினார். நாளை அவர் என்ன சொல்லப் போகிறார், சரி என்றா, இல்லை என்றா, அதிபரிடமும் பாப்பம் என்று சொல்லிவிட்டு வருவாரா, எனக்குத் தெரியாது. அப்பாவின் சேட்டுக்கு அம்மா இஸ்திரி போடும் சத்தம் கேட்கிறது. சந்தோசப்படலாமா என்றுகூட ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. இவ்வளவு அன்பையும் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு சொல்லை வாய் திறந்து சொல்ல இந்த வீட்டில் யாராலும் முடியவில்லை. இதுதான் எரிச்சல், மகனே. நான் உன்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிடக் கூடாது என்று பயப்படுவதும் இதைத்தான்.

ஆகவே இதைப் பத்திரமாக வைத்திரு. நீ ஐஸ்பெட்டியிலோ மேசையிலோ எனக்கு விளங்காத எதையாவது வைத்திருக்கும்போது நான் துணியோடு வந்தால், இந்தத் தாளை என் முகத்துக்கு நேரே பிடி. எனக்கு அப்போது முழங்கால் வருத்தம் இருக்கலாம். பரவாயில்லை, குனியச் சொல்லு. கீழிருந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லு. பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுது. நான் கடைசிச் சொல் வரை வாசிப்பேன். வாசித்துவிட்டு, சரியோ இல்லையோ, ஒரு சொல் சொல்வேன்.

அம்மா கூப்பிடுகிறார். எதையோ தூக்கிக் காட்டப் போகிறார் போல. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் அம்மா